பூஜ்ஜியக் குழல்

பகலில் உப்பைப் பையில் அடைக்கிறேன்.
கிலோ கிலோவாக. பையின் வாயை
கேஸ் சுடரில் காட்டி உருக்கி ஒட்டுகிறேன்.
விரல் நுனியில் ரேகை போய் வருடமாயிற்று.
உயுனி போகும் லாரி நாலு மணிக்கு.
இரவுப் பள்ளி ஆறரைக்கு.

அன்று வாத்தியாருக்கு பஸ் வரவில்லை.
கரும்பலகையில் அவர் கையெழுத்து மட்டும்:
உருளைக்கிழங்கு. ஆறு கரைசல். ஒரு மணி நேரம்.
எடை, முன்னும் பின்னும்.

என் ஜோடி எயுசேபியா சோக்கே.
சந்தையில் லாமா இறைச்சி வெட்டுகிறவள்,
கத்தியை அவளிடம் கொடுத்துவிட வேண்டும், வழக்கு இல்லை.
கறுத்த தோல் இமிலாக் கிழங்கு கொண்டுவந்தாள்.
உடைந்த ரேடியோவின் ஆன்டெனாக் குழாயை
கிழங்குக்குள் திருகித் திருகி இறக்கி
ஒரே பருமனில் ஆறு குச்சிகள் எடுத்தாள்.
ஒவ்வொன்றும் இரண்டு கிராம், ஒரு துளி கூடாமல்.
தராசு மருந்துக்கடை விர்ஹிலியோவின் இரவல்,
மூச்சு பட்டாலே எண் மாறும்.
பக்கத்தில் நின்று பேச்சை அடக்கிக்கொண்டோம்.

உப்பு என் பங்கு. பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில்
எட்டு, நாலு, இரண்டு, ஒன்று என்று பாதி பாதியாக
ஐந்து குழல் கலக்கி நிமிர்ந்தால் பாட்டில் காலி.
ஆறாவதுக்கு உப்பே வேண்டாம், வெறும் நீர்.
முற்றத்துக் குழாயைத் திறந்து பிடித்தேன்.
தண்ணீர்தானே.

ஒரு மணி நேரம்.
ரொட்டி தின்றோம். ஜன்னலில் காற்று உப்பை உரசியது.

அடர்த்தியான குழலில் இருந்த குச்சி
எலும்பில்லாமல் துவண்டு வந்தது,
விரலில் சுற்றினேன், மோதிரம்.
இரண்டு கிராம் ஒன்று அறுபத்தெட்டாகியிருந்தது.
"உப்பில் போட்டால் உப்பாது போலிருக்கே," என்றாள்.
அடுத்தது ஒன்று எண்பது. அடுத்தது ஒன்று தொண்ணூற்றேழு.
அதன் பிறகு கிழங்கு குடிக்கத் தொடங்கியிருந்தது:
இரண்டு ஏழு. இரண்டு பதிமூன்று.
கட்டக் காகிதத்தில் புள்ளிகள் படியேறின,
பூஜ்ஜியம் உச்சியில் நிற்கவேண்டும்.

இரண்டு பன்னிரண்டு.

"ரப்பர் கொடு," என்றாள் எயுசேபியா.
"இரண்டு இருபது போடு. கோடு அழகாய் வரும்.
உப்புக்குப் பெறாத விஷயம், யார் கேட்கப்போகிறார்கள்?"

ரப்பர் என் கையில்தான் இருந்தது.
கிலோ என்று அச்சடித்த பையில்
தொள்ளாயிரத்து எண்பது அடைக்கச் சொல்வார் முதலாளி.
அடைக்கிறேன். வாயை ஒட்டுகிறேன்.
காலையிலிருந்து நானூறு பை.
இங்கேயும் வந்து அதைச் செய்ய
எனக்கு அலுப்பாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்,
நேர்மை என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன்.

"தப்பு குச்சியில் இல்லை," என்றேன்.
முனகிக்கொண்டே மச்சானின் மெக்கானிக் கடைக்குப் போய்
அரை பாட்டில் வடிநீர் கேட்டு வந்தாள்.
புதுக் குச்சிகள் இரண்டு. மறுபடி ஒரு மணி நேரம்.
பள்ளிக் காவலாளி இருமுறை எட்டிப் பார்த்தார்.

வடிநீரில்: இரண்டு பத்தொன்பது,
கிள்ளினால் டக்கென்று ஒடியும் விறைப்பு.
குழாய் நீரில்: இரண்டு பன்னிரண்டு. அதே பன்னிரண்டு.

கோட்டில் அந்த உயரம் எங்கே என்று
பென்சிலைக் கிடையாக நகர்த்தினேன்.
மிக நீர்த்த கரைசலின் தலைமேல் போய் முட்டியது.
பெருக்கிப் பார்த்தோம். அவள் ஒரு முறை, நான் ஒரு முறை.
லிட்டருக்கு மூன்று கிராம் உப்பு.

நாங்கள் சூப்பில் உப்புப் போடுவது குறைவு,
கை அப்படிப் பழகியிருந்தது, ஏனென்று கேட்டதில்லை.
கெட்டிலின் அடியில் வெள்ளைப் பொருக்கு.
இன்று காலை என் மகள் நயிரா
இதே தெருக் குழாயில் வாய் வைத்து
கண்மூடிக் குடித்துவிட்டு ஓடினாள்.
நாக்குக்குத் தெரியாததை
ஒரு துண்டுக் கிழங்கு எடை போட்டுச் சொல்கிறது.

'பிழைக்கான காரணங்கள்' என்று ஒரு தலைப்பு
அறிக்கையில் எழுதியே ஆகவேண்டும்.
'பிழை இல்லை. தண்ணீர்' என்று எழுதினேன்.
எயுசேபியா ரப்பரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு
இன்னொரு தாள் கிழித்தாள்,
நகராட்சிக்கு, இரண்டு கையெழுத்து.
என் பெயருக்குக் கீழே
அவள் பெயர் கறிக்கடைப் பில் போலச் சாய்ந்திருந்தது.

குச்சிகளை முற்றத்தில் கொட்டினோம்.
காவலாளியின் லாமா மெல்ல வந்து, முகர்ந்து,
துவண்டு கிடந்ததை முதலில் தின்றது.
பிறகு குழாயடித் தேக்கத்தில்
நெடுநேரம் குடித்தது.